கொட்டியாரப்பற்று: ஓர் ஊரின் பற்று வரவு

கணக்கீடு படிக்கத் தொடங்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படும் பாடம் ஒன்று உண்டு. மூலப் பத்திரம் இல்லாமல் எந்தக் கொடுக்கல் வாங்கலையும் ஏட்டில் பதியக்கூடாது. பற்றுச்சீட்டு வேண்டும், விலைப்பட்டியல் வேண்டும், வவுச்சர் வேண்டும். கையில் காகிதம் இல்லையென்றால் கணக்காளரைப் பொறுத்தவரை அப்படியொன்று நடக்கவே இல்லை!

ஒரு கடைக்கு இந்த விதி சரி. ஆனால் ஓர் ஊருக்கு? காகிதம் எரிந்துபோனால் அந்த ஊர் இருந்ததே இல்லை என்றாகிவிடுமா? இலங்கையின் வடகிழக்குக் கரையில் வாழும் ஒரு மக்கள் கூட்டம் இந்தக் கேள்விக்கு ஒன்பது ஆண்டுகள் பதில் தேட வேண்டியிருந்தது.

திருகோணமலைத் துறைமுகத்தை உலகமே அறியும். அந்தத் துறைமுகத்தில் நின்று தெற்கே பார்த்தால் குடாவுக்கு அப்பால் பச்சையாக ஒரு கரை தெரியும். அதுதான் கொட்டியாரம். இன்றைய நிர்வாகக் கணக்கில் மூதூர், சேருவில, வெருகல் என்று மூன்று பிரதேச செயலகப் பிரிவுகளில் அடங்கும் நிலம். இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவந்து கடலோடு கலப்பது இந்தக் குடாவில்தான். அதன் கிளையான வெருகலாறு தெற்கே தனியாகப் பிரிந்து, மட்டக்களப்பு மாவட்டத்துக்கு எல்லையாக ஓடிக் கடலில் விழுகிறது. ஆற்று வண்டல், குளங்கள், வயல், காடு, கடல் எல்லாம் ஒரே இடத்தில். மனிதர்கள் இங்கே குடியேறாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

பற்று என்ற சொல்

பழைய திருகோணமலைப் பிரதேசம் நான்கு பிரிவுகளாக இருந்தது. திருகோணமலை, கட்டுக்குளப்பற்று, தம்பலகாமப்பற்று, கொட்டியாரப்பற்று. இங்கே "பற்று" என்பது ஒரு நிர்வாகப் பிரிவின் பெயர். அதே சொல்லுக்குப் பாசம் என்றும் பொருள். பழைய வணிகரின் ஏட்டில் "பற்று வரவு" என்றால் ஒருவர் பெற்றுக்கொண்டதும் திருப்பித் தந்ததும். நிலம், பாசம், கணக்கு மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது தமிழ். கொட்டியாரத்தின் கதையிலும் இந்த மூன்றையும் பிரிக்க முடியாது.

திருக்கோணேஸ்வரம் பற்றிப் பேசும் "கோணேசர் கல்வெட்டு" என்ற நூல் இருக்கிறது. பெயரில் கல்வெட்டு இருந்தாலும் அது கல்லில் வெட்டியது அல்ல. கவிராசவரோதயன் இயற்றியதாகச் சொல்லப்படும் ஏட்டுப் பிரதி, பாட்டும் உரைநடையும் கலந்தது. குளக்கோட்டன் என்ற மன்னன் கோணேசர் கோயிலைத் திருத்தியதையும், அதன் வயல்களுக்காகக் கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்ததையும், வெளியிடங்களிலிருந்து குடிகளைக் கொண்டுவந்து அமர்த்தியதையும் அது சொல்கிறது. குளக்கோட்டன் எந்த நூற்றாண்டைச் சேர்ந்தவன் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அந்தச் சர்ச்சை ஒருபுறம் இருக்கட்டும்.

வணிகம் படிப்பவர் அந்த நூலைப் புரட்டினால் வேறொன்று கண்ணில் படும். அது பெரும்பாலும் ஒரு கணக்கேடு! கோயிலில் எந்தத் தொழும்பை யார் செய்ய வேண்டும், எந்தப் பற்றிலிருந்து என்ன வரவேண்டும், யார் மேற்பார்வை, யாருக்கு என்ன மரியாதை, யாருக்கு எந்த வயல் என்று வரிசையாகச் சொல்கிறது. தானம், வரிப்பத்து என்று தொழும்பாளர் பிரிவுகள், அவர்களுக்கு மேலே வன்னிபம் என்று ஒரு முழு நிர்வாகமே அதற்குள் இருக்கிறது. சாதிப் படிநிலையும் அதற்குள்தான் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரே அளவு இடம் தந்த ஏடு அல்ல அது.

இருந்தாலும் அந்த ஏட்டின் பெறுமதி 1620களில் தெரிந்தது. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கி, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். கட்டடம் போனது. ஆனால் எந்தக் குடி எந்தத் தொழும்பு என்ற கணக்கு மக்களிடம் இருந்தது. தம்பலகாமத்தில் ஆதி கோணேஸ்வரம் எழுந்தபோது அந்தக் கணக்கும் கூடவே போய்ச் சேர்ந்தது. கல் அழிந்தும் வழிபாடு அழியாமல் போனதற்கு, யாருடைய பங்கு எது என்பதை மக்கள் மறக்காமல் இருந்தது ஒரு பெரிய காரணம்.

கொட்டியாரத்தின் தென் எல்லையில் வெருகல் சித்திரவேலாயுதர் கோயில் இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டு மதில் கட்டிய திருப்பணியைச் சொல்லும்போது கயிலாய வன்னியனாரின் பெயரைக் குறிக்கிறது. மன்னர்களின் போர்களை விட, யார் எதைக் கட்டினார்கள் என்பதை எழுதி வைப்பதே இந்தக் கரையின் வழக்கமாக இருந்திருக்கிறது.

கப்பலில் வந்தவர்கள் எழுதியது

உள்ளூர்க்காரர் தங்கள் பங்கை எழுதினார்கள். கப்பலில் வந்தவர்கள் தங்கள் கதையை எழுதினார்கள். உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டாவதுதான்.

17ஆம் நூற்றாண்டில் கொட்டியாரம் கண்டி இராச்சியத்துக்குக் கடல் வாசல். 1660இல் "ஆன்" என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் பாய்மரத்தை இழந்து, அதைத் திருத்துவதற்காக இந்தக் குடாவுக்கு வந்தது. இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தந்தை 1661இல் அங்கேயே இறந்தார். மகன் 19 ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்து 1679இல் தப்பினார். 1681இல் லண்டனில் வெளியான அவரது நூல்தான் பல தலைமுறை ஐரோப்பியருக்கு இலங்கையைக் காட்டியது.

1672இல் டி லா ஹே என்ற தளபதியின் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்தன. அவர்களை ஒல்லாந்தர் துரத்தினார்கள். இப்படி ஒவ்வொருவராக வந்து ஒரு பக்கம், இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் போனார்கள். அந்தப் பக்கங்களில் குடா இருக்கிறது, அதன் ஆழம் இருக்கிறது, மரம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. மனிதர்கள்தான் குறைவு.

நொக்ஸ் பிடிபட்ட இடம் என்று மூதூருக்கு அருகே ஒரு புளியமரம் காட்டப்பட்டு, "வெள்ளைக்காரன் மரம்" என்றே பெயர் பெற்றது. ஆங்கிலேயர் அதனடியில் ஒரு கல்லும் நட்டார்கள். பிடித்துச் செல்லப்பட்ட ஓர் ஆளுக்கு ஒரு கல்! அதே மண்ணிலிருந்து பின்னாளில் துரத்தப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களுக்கு அப்படி ஒரு கல் நடப்படவில்லை.

எந்த ஏட்டிலும் இல்லாதவர்கள்

கொட்டியாரத்தில் ஒரே இனம் வாழவில்லை. மூதூர் நகரத்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மை. கிளிவெட்டி, சம்பூர், கட்டைபறிச்சான், ஈச்சிலம்பற்று என்று சுற்றிலும் தமிழ்க் கிராமங்கள். சேருவிலவில் காவன்திஸ்ஸ மன்னனோடு தொடர்புபடுத்தப்படும் பழைய பௌத்த விகாரை இருக்கிறது. 1950களில் வந்த அல்லைக் குடியேற்றத் திட்டம் இந்தப் பகுதியின் குடித்தொகையையும் வயல்களையும் மாற்றியது. அந்த மாற்றம் பிறகு அரசியலானது.

இவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு காகிதம் உண்டு. உறுதி, பெர்மிட், கோயில் ஏடு, பள்ளிவாசல் பதிவு, விகாரைக் கதை... ஆனால் இன்னொரு மக்கள் கூட்டம் இருக்கிறது. பாட்டாளிபுரம், நல்லூர், இளக்கந்தை, சந்தோசபுரம் போன்ற கிராமங்களிலும், வெருகலுக்குத் தெற்கே வாகரைப் பக்கத்திலும் வாழும் கரையோர வேடர்கள். தமிழ் பேசுகிறார்கள். களப்பிலும் கடலிலும் மீன் பிடிப்பார்கள், தேன் எடுப்பார்கள், சேனை வெட்டுவார்கள். 1911இல் இலங்கை வேடர்கள் பற்றிப் புத்தகம் வெளியிட்ட செலிக்மன் தம்பதியினர் இவர்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்கள். கப்பலில் வந்த ஆவிகளுக்கு இவர்கள் எடுக்கும் சடங்கையும் அதில் விவரித்தார்கள். காட்டு மக்கள் என்று உலகம் நினைத்தவர்களின் வழிபாட்டில் கப்பல்! கரையோரம் வாழ்ந்தவர்களின் மனதில் கடல் எப்படிப் புகுந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

சேனைச் செய்கை என்பது இரண்டு மூன்று ஆண்டுகள் ஓரிடத்தில் செய்துவிட்டு, காடு வளர விட்டு வேறிடம் போவது. அதற்கு உறுதி எழுத எவரும் வரவில்லை. கணக்கீட்டில் பண அளவீட்டு எண்ணக்கரு என்று ஒன்று உண்டு. பணத்தால் அளக்க முடிந்தது மட்டுமே ஏட்டில் ஏறும். அளக்க முடியாதது எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வெளியே நிற்கும். வேடர்களின் காடு அப்படித்தான் எல்லா ஏடுகளுக்கும் வெளியே நின்றது.

2006

2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை இந்தக் கரையையும் அடித்துச் சென்றது. அதிலிருந்து எழும்புவதற்குள் அடுத்தது வந்தது.

அப்போது சம்பூரும் அதைச் சூழ்ந்த மூதூர் கிழக்கும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தன. 2006 ஏப்ரல் 25இல் கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அன்றே சம்பூர்ப் பகுதி மீது விமானத் தாக்குதலும் எறிகணை வீச்சும் தொடங்கின. யூலையில் புலிகள் மாவிலாற்று அணையின் கதவுகளை மூடினார்கள். கீழே சிங்கள, முஸ்லிம், தமிழ் விவசாயிகளின் வயல்கள் தண்ணீரில்லாமல் காய்ந்தன. ஓகஸ்ட் தொடக்கத்தில் சண்டை மூதூர் நகருக்குள் வந்தது. முஸ்லிம்கள் கால்நடையாகக் கந்தளாய் நோக்கி ஓடினார்கள். ஓகஸ்ட் 4இல் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

செப்டெம்பர் தொடக்கத்தில் சம்பூர் இராணுவத்தின் வசமானது. மக்கள் வெருகலாற்றைக் கடந்து வாகரைக்குப் போனார்கள். நவம்பர் 8இல், கதிரவெளியில் இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த பாடசாலையில் எறிகணைகள் விழுந்து 40 பேருக்கும் மேல் இறந்தார்கள். எஞ்சியவர்கள் மட்டக்களப்புக்குப் போனார்கள். பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்கள்.

2007 மே மாதம் மூதூர் கிழக்கும் சம்பூரும் அதியுயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. கட்டம் கட்டமாகச் சில கிராமங்கள் திரும்பக் கிடைத்தன. சம்பூர் கிடைக்கவில்லை. அங்கே இந்தியாவின் பங்களிப்போடு 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் வரும் என்றார்கள். 2012இல் 818 ஏக்கர் கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. காகிதம் எழுதுபவர்களுக்கு அது வெறும் நிலம். முகாமில் இருந்தவர்களுக்கு அது வீடு, கிணறு, பத்திரகாளி அம்மன் கோயில், பாடசாலை, சுடலை.

கிணறுதான் சாட்சி

2015 மே மாதம் அந்த 818 ஏக்கர் ஒதுக்கீடு இரத்துச் செய்யப்பட்டது. அந்த ஆண்டு ஓகஸ்டில் முதல் தொகுதிக் குடும்பங்கள் திரும்பின. 2016 மார்ச்சில் கடற்படையிடமிருந்த 177 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. ஒன்பது ஆண்டுகள்! முகாமில் பிறந்த பிள்ளை மூன்றாம் நான்காம் வகுப்புக்கு வந்துவிட்ட காலம்.

திரும்பிப் போனவர்களுக்கு முன்னால் இருந்தது ஊர் அல்ல, வெளி. வீடுகள், மதில்கள், வேலிகள் பெரும்பாலும் தரைமட்டம். பலரிடம் உறுதி இல்லை. எறிகணைக்குள் ஓடும்போது பிள்ளையைத் தூக்குவார்களா, பெட்டியைத் தூக்குவார்களா? "உன் காணி எது?" என்று கேட்டால் என்ன காட்டுவது? பாதி மூடிய கிணறு. ஒரு புளியடி. கோயிலிலிருந்து கிழக்கே இத்தனை காணி தள்ளி என்ற நினைவு. பக்கத்துக் காணிக்காரரின் வாய்ச்சொல். "இது இவருடைய தகப்பன் காலத்துத் தென்னந்தோட்டம்தான்" என்று சொல்ல ஒரு கிழவர் உயிரோடு இருப்பது. உள்ளூர் வரலாறு என்று பாடசாலையில் பத்தோடு பதினொன்றாகப் படித்தது, அன்று ஒரு குடும்பத்தின் ஒரே பற்றுச்சீட்டானது.

இலங்கைச் சட்டத்தில் ஆட்சியுரிமை என்று ஒன்று உண்டு. தனியார் காணியைப் பத்து ஆண்டுகள் இடையூறின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டு அனுபவித்தவர் அதற்கு உரிமை கோரலாம். யுத்தத்தில் ஓடியவர்கள் இந்தப் பத்து ஆண்டுக் கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். அதனால் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒரு சலுகை தந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் தங்கள் காணிக்கு வர முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலம் எண்ணப்படாது. நல்ல சட்டம்தான். ஆனால் வழக்குத் தொடர இரண்டே ஆண்டுகள்தான் தரப்பட்டன. காணி தன்னுடையது என்பதை வழக்காளிதான் நிரூபிக்க வேண்டும். அரச காணியில் பெர்மிட்டுடன் இருந்தவருக்கும், பெர்மிட்டே இல்லாமல் தலைமுறையாகச் சேனை செய்த வேடருக்கும் அந்தச் சட்டத்தில் இடம் இல்லை.

இரட்டைப் பதிவு

அப்படியானால் ஊர் வரலாற்றை எழுத வேண்டும். யார் மறுப்பார்கள்? ஆனால் எப்படி எழுதுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வடகிழக்குக் கரையில் வரலாறு ஏற்கனவே நிறைய எழுதப்படுகிறது, ஆனால் அடுத்தவரை வெளியேற்றுவதற்காக. விகாரை முந்தியதா கோயில் முந்தியதா என்று ஒரு சண்டை. இலங்கைத்துறை முகத்துவாரமா, லங்காபட்டுனவா என்று இன்னொரு சண்டை. யார் முதலில் வந்தார்கள் என்பதே ஒரே கேள்வியாகிவிட்டது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் யார் வந்தார்கள் என்று தெரிந்தால்தான் 2006இல் துரத்தப்பட்ட ஒருவருக்கு அவர் வீட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா? அவருக்கு அவருடைய தகப்பனின் கிணறு போதும்.

கணக்கீடு இதற்கும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. இரட்டைப் பதிவு. எந்தக் கொடுக்கல் வாங்கலுக்கும் இரண்டு பக்கம் உண்டு, ஒரு பக்கத்தை மட்டும் பதிந்தால் ஐந்தொகை சமப்படாது. 2006இன் கொட்டியாரத்தை எழுதுபவர் சம்பூர் மீது விழுந்த எறிகணையை எழுத வேண்டும். மாவிலாற்றில் மூடிய கதவையும் எழுத வேண்டும். கதிரவெளிப் பாடசாலையையும், கந்தளாய் வீதியில் பிள்ளைகளோடு நடந்த மூதூர் முஸ்லிம்களையும் எழுத வேண்டும். ஒன்றை விட்டாலும் அது பொய்க் கணக்கு. பொய்க் கணக்கு எழுதும் கடை எவ்வளவு நாள் ஓடும்?

எழுதுவதற்குப் பேராசிரியராக வேண்டியதில்லை. குளத்தின் பெயர், வயல்வெளியின் பெயர், அந்தப் பெயர் வந்த காரணம். பாடசாலைக்குக் காணி கொடுத்தவர் யார். கரைவலைப் பாடு எந்தக் குடும்பத்துக்கு எந்த இடத்தில் இருந்தது. கோயில் திருவிழாவில் எந்த நாள் எந்த ஊரவருடையது. மூதூர்க் கடைக்காரரின் கடன் கொப்பியில் எந்தெந்தத் தமிழ் ஊர்க்காரர் பெயர் இருந்தது. திருகோணமலைக்கு லோஞ்சில் போய்வந்த காலத்தில் என்னென்ன ஏற்றிப் போனார்கள். 2009இல் கிண்ணியாப் பாலமும் 2011இல் மற்றப் பாலங்களும் திறந்த பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கரை ஒரு காலத்தில் கடல்வழியாக வாழ்ந்தது என்பதே தெரியாமல் போகலாம். ஒரு நாற்பது பக்கக் கொப்பியும், சொல்லத் தெரிந்த ஒரு பாட்டியும் போதும்.

அவசரமும் இருக்கிறது. 2006இல் அறுபது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பது வயது. எல்லைக் கல்லெல்லாம் பிடுங்கப்பட்ட இடத்தில் எஞ்சிய எல்லைக் கற்கள் அவர்கள்தான். ஒவ்வொரு மரணச் சடங்கிலும் ஒரு கணக்கேடு எரிகிறது.

இன்னொரு பக்கம், சம்பூரில் மீண்டும் வேலை தொடங்கியிருக்கிறது. நிலக்கரிக்குப் பதிலாக இந்தியாவோடு சேர்ந்து 120 மெகாவாற் சூரிய மின்நிலையம். 2025 ஏப்ரலில் கொழும்பிலிருந்தபடியே அதற்கு ஆரம்ப விழா நடந்தது. நிலக்கரியை விடச் சூரியன் நல்லது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் குடாவுக்குக் கப்பல் வருவதும், தூரத்தில் யாரோ கையெழுத்திடுவதும் புதிதல்ல. அடுத்த தடவை வரைபடத்தை விரித்து "இங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கும்போது, "யாருமில்லை" என்ற பதில் வரக்கூடாது.

கணக்கீட்டில் தொடர்ந்து இயங்கும் எண்ணக்கரு என்று ஒன்று உண்டு. நிறுவனம் நாளைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இன்றைய ஏடு எழுதப்படுகிறது. மூடப்போகும் கடைக்கு எவரும் புதுப் பேரேடு வாங்குவதில்லை. சம்பூரில் தரைமட்டமான காணிக்குத் திரும்பி வந்து, முதல் வேலையாகக் கிணற்றை இறைத்தவர்கள் அந்த நம்பிக்கையில்தான் இறைத்தார்கள்.

கிணற்றை அவர்கள் இறைத்துவிட்டார்கள். பேரேட்டைத் திறக்க வேண்டியது படித்த பிள்ளைகள்.